அரசனில்லாத காலத்துக்கு ஓர் அரசன்

மலையடிவாரத்தில் வேட்டையை நம்பி வாழும் ஒரு சிறு குடி. குதிரையேறி வரும் முரடர்கள் ஊரைச் சூறையாடி ஆட்களைப் பிடித்துப்போகிறார்கள். நாயகன் விரும்பிய பெண்ணும் அவர்களிடம் சிக்குகிறாள். நாயகனின் அப்பா ஊரைக் கைவிட்டு ஓடிய கோழை என்று பெயரெடுத்தவர். உண்மையில் ஊரின் பசிக்கு வழி தேடிப் போனவர். மகன் மலை, காடு, பாலை என்று கடந்து போகிறான். வழிநெடுகப் பல குடிகள் அவனோடு சேர்ந்துகொள்கின்றன. கடைசியில் தன்னைத் தெய்வமென்று சொல்லிக்கொள்ளும் ஒரு கொடுங்கோலனும் அவனுக்காகக் கல் சுமக்கும் ஆயிரக்கணக்கான அடிமைகளும். நாயகன் எறிந்த ஈட்டி கொடுங்கோலன்மேல் பாய்கிறது. அடிமைகளுக்கு விடுதலை, காதலியும் கிடைத்துவிடுகிறாள்.

ரோலண்ட் எம்மெரிக் இயக்கி 2008 மார்ச்சில் வெளிவந்த ‘10,000 பி.சி.’ படத்தின் கதை இது. ‘நாடோடி மன்னன்’, ‘ஆயிரத்தில் ஒருவன்’, ‘அடிமைப் பெண்’ பார்த்து வளர்ந்த தமிழ் ரசிகருக்கு இதில் தெரியாத திருப்பம் ஒன்றுகூட இருக்காது. எம்.ஜி.ஆருக்குப் பாட்டும் கத்திச்சண்டையும் கூடுதலாகக் கிடைத்தன, அவ்வளவுதான். மற்றபடி இது விலங்குத்தோலும் சடைமுடியும் மாட்டிய ராஜா ராணிப் படம்.

படம் பணத்தை இழக்கவில்லை. சுமார் 10.5 கோடி டாலர் செலவில் எடுத்து, உலகமெங்கும் சுமார் 27 கோடி டாலர் வசூலித்தார்கள். நியூசிலாந்தின் பனிமலையிலும் தென்னாப்பிரிக்காவிலும் நமீபியாவின் மணல்வெளியிலும் படப்பிடிப்பு. கணினியில் வளர்த்த மாமூத்கள் கூட்டமாக ஓடிவரும் காட்சியை இன்றைக்கும் குறைசொல்ல முடியாது. ஆனாலும் படம் முடிந்து எழுந்துவருபவருக்கு ஏதோ கிடைக்காமல் போன உணர்வு மிஞ்சியது. அந்த ஏதோ ஒன்று எது என்பதுதான் இந்தக் கட்டுரையின் அக்கறை. அதற்கான பதில் ஹாலிவுட்டில் இருப்பதைவிடத் தாம்பரத்தைச் சுற்றி அதிகம் இருக்கிறது என்பது என் எண்ணம்.

பிழைப்பட்டியல் போடுவது எளிது. படத்தில் மாமூத்களை வைத்துப் பிரமிடு கட்டுகிறார்கள். கீசாவின் பெரிய பிரமிடு எழுந்தது கி.மு. 2560ஐ ஒட்டி, அதாவது படக்கதைக்கு ஏழாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பிந்தி. மனிதன் குதிரையேறியதும் படக்கதைக்குப் பல்லாயிரம் ஆண்டு கழித்துத்தான். படம் காட்டும் வகை வாள்பல் புலியும் ராட்சதப் பறவையும் அமெரிக்கக் கண்டங்களின் விலங்குகள். பிழை இருப்பதாலேயே ஒரு படம் கெட்டுவிடாது. 1966இல் வந்த ‘ஒன் மில்லியன் இயர்ஸ் பி.சி.’ படத்தில் மனிதர்கள் டைனோசர்களோடு சண்டை போடுகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் ஆறரைக் கோடி ஆண்டு இடைவெளி. ஆனாலும் ரே ஹாரிஹவுசன் பொம்மைகளை ஒவ்வொரு சட்டகமாக நகர்த்தி உயிர்கொடுத்த அந்த மிருகங்களுக்காகவே இன்றும் அந்தப் படத்தைப் பார்க்கிறார்கள்.

எம்மெரிக்கின் படத்தில் கோளாறு ஆழமானது. அரசன் இல்லாத, கோட்டை இல்லாத, அடிமை இல்லாத மனிதர்களிடம் சொல்லத்தக்க கதை இருக்கும் என்று அந்தப் படம் நம்பவில்லை. ஆகவே பின்னால் வரப்போகும் அரசனை முன்கூட்டியே வரவழைத்து, அவனைக் கொல்வதைக் கதையாக்கிக்கொண்டது. பிரமாண்டம் வேண்டுமென்றால் அந்தக் காலத்திலேயே உண்மையான பிரமாண்டம் இருந்தது. துருக்கியின் தென்கிழக்கில் கோபெக்லி தெபே என்ற குன்றை கிளாஸ் ஷ்மிட் 1995 முதல் தோண்டினார். ஐந்து மீட்டர் உயரத்துக்கு மேற்பட்ட கல்தூண்கள், அவற்றில் நரி, பாம்பு, கழுகு, தேள் புடைப்புச் சிற்பங்கள். காலம் கி.மு. 9500ஐ ஒட்டியது. படத்தின் தலைப்புக்குக் கிட்டத்தட்டப் பக்கத்து வீடு. அதைக் கட்டியவர்கள் வேட்டையாடியும் காட்டுத் தானியம் சேகரித்தும் வாழ்ந்தவர்கள். அரண்மனையோ அரசன் கல்லறையோ அங்கே கிடைக்கவில்லை. பல டன் எடையுள்ள தூண்களைச் சாட்டை இல்லாமல் ஏன் இழுத்தார்கள், யார் சொல்லி இழுத்தார்கள், எத்தனை குடிகள் எந்தப் பருவத்தில் கூடின? ஒரு திரைக்கதையாசிரியருக்கு இதைவிட நல்ல முடிச்சு வேண்டுமா? 2008க்கு முன்பே இதெல்லாம் தெரிந்த விஷயம். படமோ சாட்டையையே நம்பியது.

எம்மெரிக் ஒருவரை மட்டும் குறைசொல்லி ஒதுங்க முடியாது. அசுதோஷ் கோவாரிகர் 2016 ஆகஸ்டில் ‘மொஹெஞ்சதாரோ’ எடுத்தார். ஹிருத்திக் ரோஷன், ஏ.ஆர். ரஹ்மான், பூஜ் பக்கம் போட்ட பெரிய நகர அரங்கம் என்று எல்லாம் இருந்தும் படம் படுத்தது. கதையைப் பாருங்கள். கிராமத்து இளைஞன் பெருநகருக்கு வருகிறான். அங்கே ஒரு கொடுங்கோலன். நாயகனின் அப்பா துரோகியென்று பழி சுமந்து செத்தவர், உண்மையில் நல்லவர். கடைசியில் அணை உடைந்து ஊர் அழிகிறது. எட்டாயிரம் ஆண்டும் ஒரு பாதிக் கண்டமும் தள்ளி, அதே அப்பா, அதே வில்லன். சிந்துவெளியில் வியப்பான சங்கதியே, ஒரு நூற்றாண்டாகத் தோண்டியும் அரண்மனை என்றோ அரசன் சமாதி என்றோ உறுதியாகச் சொல்ல ஒன்றும் கிடைக்காததுதான். சீரான செங்கல், ஊரெல்லாம் ஒரே எடைக்கல், தெருவோடு ஓடும் சாக்கடை. ஆட்சி செய்தவன் பெயர் மட்டும் இல்லை. அந்தப் புதிரைத் திறந்து பார்க்க வேண்டிய படம், அதில் ஒரு வில்லனை உட்கார வைத்து மூடிவிட்டது.

தமிழில் இதன் மறுபக்கத்தை 2024இல் ‘கங்குவா’ செய்தது. கதையின் ஒரு பாதி 1070ஆம் ஆண்டில் நடக்கிறது என்றார்கள். முதலாம் குலோத்துங்கன் அரியணை ஏறிய ஆண்டு அது. தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்குக் கண்டு அறுபது ஆண்டு ஆகியிருந்தது. திரையில் வந்தவர்களோ கற்காலக் கோலத்தில் தோலும் எலும்பும் அணிந்து ஓயாமல் உறுமிக்கொண்டிருந்தார்கள். பழங்குடி என்றாலே காலத்துக்கு வெளியே நிற்பவர்கள் என்ற நினைப்பு இது. அரசனை வரலாற்றுக்கு முன்னால் தள்ளுவதும் குடிகளை வரலாற்றுக்கு வெளியே தள்ளுவதும் ஒரே சோம்பலின் இரண்டு வேலைகள்.

மாமூத்தைத் தமிழ்நாட்டுச் சினிமாவுக்கு முதலில் கூட்டிவந்தது எம்மெரிக் அல்ல, சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ். டி.ஆர். சுந்தரம் அமெரிக்காவின் லிப்பர்ட் பிக்சர்ஸோடு சேர்ந்து 1952இல் தயாரித்த ‘தி ஜங்கிள்’ தமிழில் ‘காடு’ ஆனது. வில்லியம் பெர்க் இயக்கம். ‘சதி லீலாவதி’, ‘மீரா’ எடுத்த எல்லிஸ் ஆர். டங்கனுக்கும் தயாரிப்பில் பங்கு. ராட் கேமரன், சீசர் ரோமெரோ, மேரி வின்ட்சர் ஆகியோரோடு நம் எம்.என். நம்பியாரும் உண்டு. யானைகள் மிரண்டு ஊர்களை அழிக்கின்றன. காரணம் தேடிப் போகிறவர்கள் காட்டுக்குள் உயிரோடு திரியும் மாமூத்களைக் காண்கிறார்கள். கணினி இல்லாத காலம். யானைகளுக்கு மயிர்ப்போர்வை போர்த்தி மாமூத் ஆக்கினார்கள். வெயிலில் அந்த யானைகள் பட்ட பாடு தனிக்கதையாக இருக்கும். படம் பெரிதாகப் பேசப்படவில்லை. ஆனால் எல்லா மாமூத் படங்களிலும் எனக்கு இதன்மேல்தான் ஒரு வாஞ்சை. தான் சரித்திரம் சொல்கிறேன் என்று அது ஒருபோதும் சொல்லிக்கொள்ளவில்லை.

மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்தது சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில். அந்த மலையின் மேலே, அதற்கு அரை நூற்றாண்டு முன்பு, ஓய்வுபெற்ற ஒரு நிலவியலாளர் தான் வாழ்நாளெல்லாம் சேர்த்த கற்கருவிகளோடும் பானையோடுகளோடும் குடியிருந்தார். பெயர் ராபர்ட் புரூஸ் ஃபூட். இந்திய வரலாற்றுக்கு முந்தைய காலத்தின் ஆய்வு அவரிடம் தொடங்குகிறது. தொடங்கிய இடம் பல்லாவரம்.

ஃபூட் 1858இல் இந்திய நிலவியல் அளவைத் துறையில் சேர்ந்து சென்னைக்கு வந்தவர். அடுத்த ஆண்டே ஐரோப்பாவில் ஒரு பெரிய வழக்கு தீர்ந்தது. பிரான்சின் சோம் ஆற்றுப் படுகையில் அழிந்துபோன விலங்குகளின் எலும்போடு சேர்ந்து கிடைத்த கற்கள் மனிதன் செய்தவையே என்று பிரெஸ்ட்விச்சும் ஈவன்ஸும் நேரில் பார்த்து ஒப்புக்கொண்டார்கள். 1863 தொடக்கத்தில் சார்லஸ் லயலின் மனிதத் தொன்மை பற்றிய நூல் வந்தது. அதே ஆண்டு மே 30ஆம் தேதி, 28 வயது ஃபூட் பல்லாவரம் படைமுகாமை ஒட்டிய ஒரு சிறிய சரளைக் குழியில், செம்புரைச் சரளைக்கு நடுவே, தட்டிச் செதுக்கிய ஒரு குவார்ட்சைட் கல்லைக் கண்டார். கருவிக்கு அவர் தோண்டவில்லை. குழியை வெட்டியவர்கள் சரளைக்காக வெட்டியிருந்தார்கள். என்ன தேட வேண்டும் என்று ஐரோப்பியக் கண்டுபிடிப்புகளிலிருந்து புதிதாகக் கற்ற ஒரு கண், சாலைக்குப் போகவிருந்த குவியலில் அதைக் கண்டுகொண்டது. அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங்கோடு கொசஸ்தலையாற்றுப் பக்கம் அத்திரம்பாக்கத்துக்குப் போனபோது, ஒன்றிரண்டல்ல, ஏராளமாகக் கிடைத்தன. 1866இல் சென்னையில் வந்த ஓர் இதழில் விரிவாக எழுதினார். தன் சேகரிப்பைப் பின்னாளில் சென்னை அரசு அருங்காட்சியகத்திடம் ஒப்படைத்தார். எழும்பூரில் அது இன்றும் இருக்கிறது.

இன்றைய பல்லாவரத்தைத் தாம்பரம் மாநகராட்சியும் கண்டோன்மென்ட் போர்டும் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஜி.எஸ்.டி. ரோடு, அதை ஒட்டி மின்சார ரயில், எதிரே விமான ஓடுதளம், பழைய சாமான்களுக்குப் பேர்போன வெள்ளிக்கிழமைச் சந்தை. சுற்றிலும் திருசூலம், பம்மல் பக்கத்துக் கருங்கல் குன்றுகள், உடைத்து முடித்துக் குட்டையாய்ப்போன குவாரிகள். அந்தக் கருங்கல்லே சாதாரணமானதில்லை. கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் கல்லறைமேல் கிடந்த பலகையை ஆராய்ந்த டி.எச். ஹாலண்ட், அது இந்தப் பக்கத்துக் கல்லே என்று கண்டு, சார்னாக்கின் பெயரால் அதைச் சார்னக்கைட் என்றழைத்தார். உலக நிலவியல் பாடநூல்களில் பரங்கிமலைக்கும் பல்லாவரத்துக்கும் இடம் கிடைத்தது அப்படித்தான். அந்தப் பாறையின் வயது இருநூற்றைம்பது கோடி ஆண்டுகளை ஒட்டியது. ஃபூட் கண்ட கருவியோ அந்தக் கல்லில் செய்ததல்ல. எங்கும் குவிந்துகிடந்த கருங்கல்லை விட்டுவிட்டு, தட்டினால் கூர்மையாகப் பிளக்கும் குவார்ட்சைட் கூழாங்கல்லைத் தேடி எடுத்திருக்கிறான் அந்த மனிதன். கையில் கிடைத்ததை எறிந்தவன் இல்லை, தேர்ந்தெடுத்தவன். கதை அங்கேயே தொடங்கிவிடுகிறது.

கைக்கோடரி செய்வதைச் சினிமாக்காரர்கள் ஒரு நொடிக் காட்சியாக்கிக் கடந்துபோவார்கள். உண்மையில் அது ஒரு நீண்ட உரையாடல். ஒரு கையில் சுத்தியல்கல். மறு கையில் செய்யவேண்டிய கல். விளிம்பில் சரியான கோணத்தில் விழும் அடி மட்டுமே சில்லைப் பெயர்க்கும். ஒரு பக்கம் பெயர்த்த தழும்பையே மேடையாக்கி, திருப்பிப் பிடித்து, மறு பக்கம் அடிக்க வேண்டும். ஓர் அடி பிசகினால் கல் குறுக்கே உடைந்து அதுவரைக்குமான வேலை வீண். முதல் அடி விழும்போதே கடைசி வடிவம் மனதில் இருந்தாக வேண்டும். பார்த்துக் கற்காமல் இதைச் செய்ய முடியாது. ஆக, காட்டிக்கொடுத்தவர் ஒருவர் இருந்திருக்கிறார். மொழி இருந்ததா, எந்த அளவுக்கு இருந்தது என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த ஒரு சிறுவனோ சிறுமியோ இருந்ததில் மட்டும் சந்தேகமில்லை.

எவ்வளவு காலம் இப்படி? அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் 1999 முதல் அகழ்ந்தார்கள். மண்ணடுக்குகளில் பதிந்த பூமியின் காந்தத் திசையையும், கல்லில் விண்கதிர் உண்டாக்கும் ஐசோடோப்புகளின் சிதைவையும் அளந்து, 2011இல் சயின்ஸ் இதழில் வெளியிட்ட கணக்கு: கீழடுக்குக் கைக்கோடரிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டு. குறைத்துக் கணக்கிட்டாலும் பத்து லட்சத்துக்கு மேல். 2018இல் நேச்சர் இதழில் இரண்டாவது கணக்கு: ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே பெரிய கைக்கோடரிகள் குறைந்து, முன்கூட்டியே திட்டமிட்டுப் பெயர்த்த சிறிய சில்லுக் கருவிகள் வந்துவிட்டன. இந்தத் தொழில்முறை ஆப்பிரிக்காவிலிருந்து வந்த நம் இனத்தோடுதான் இந்தியாவுக்கு வந்தது, அதுவும் ஒன்றேகால் லட்சம் ஆண்டுக்குள் என்று பலரும் எண்ணியிருந்ததை அது அசைத்துப்போட்டது. செய்தவர்கள் யார்? அத்திரம்பாக்கத்தில் மனித எலும்பு கிடைக்கவில்லை. விலங்குப் பற்களும் குளம்புத் தடங்களும் கிடைத்தன. இந்தியாவில் இவ்வளவு பழைய மனித மண்டையோடு என்று கையில் இருப்பது 1982இல் நர்மதைக் கரையில் ஹத்னோராவில் அருண் சொனாக்கியா கண்டெடுத்தது மட்டுமே. முகமில்லாத கைகள்.

இந்தக் கணக்கில் எம்மெரிக்கின் கி.மு. 10,000 எங்கே நிற்கிறது என்று பார்க்கலாம். இன்றைக்கு 12,000 ஆண்டு முன்பு என்றால், அத்திரம்பாக்கம் தொடங்கிய காலத்திலிருந்து இன்றுவரையான தொலைவில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. மனிதக் கதையின் தொடக்கம் என்று விளம்பரப்படுத்தத் தோதான அந்த ஆண்டு, பல்லாவரத்துக் கல்லைப் பொறுத்தவரை நேற்று.

அந்த நேற்றைய நாளில் இங்கே என்ன நடந்துகொண்டிருந்தது? கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 60 மீட்டர் கீழே இருந்தது. நீலாங்கரையிலும் கோவளத்திலும் அலை அடிக்கவில்லை. கரை இன்னும் பல கிலோமீட்டர் கிழக்கே. மாமூத் என்ற விலங்கைத் தென்னிந்தியாவில் யாரும் பார்த்திருக்க முடியாது. மக்கள் விரல்நகம் அளவுக்குச் சிறிய கற்கருவிகளை மரப்பிடியில் வரிசையாகப் பதித்துப் பயன்படுத்திவந்த காலகட்டம். தாம்பரத்திலிருந்து வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் போனால் கார் ஆலைகளுக்குப் பேர்பெற்ற ஒரகடம். அதன் பக்கத்தில் வடக்குப்பட்டு. மத்தியத் தொல்லியல் துறை அங்கே 2022இல் தோண்டியபோது, மேலே சங்ககாலத்துக் கட்டுமானத் தடயமும் ரோமானிய ஆம்போரா ஓடுகளும், கீழே சுமார் 12,000 ஆண்டு பழமையானவை என்று மதிப்பிட்ட கற்கருவிகளும் கிடைத்தன. படத்தின் தலைப்பில் உள்ள ஆண்டு, கன்டெய்னர் லாரிகள் ஓடும் சாலைக்குப் பக்கத்துக் குழியில் இருந்தது.

இதையெல்லாம் படமாக்க முடியுமா, ரசிகர் உட்காருவாரா என்று கேட்கலாம். 1981இல் ஜான் ஜாக் அன்னோ ‘குவெஸ்ட் ஃபார் ஃபயர்’ எடுத்துக் காட்டினார். ஒரு குடியின் நெருப்பு அணைந்துவிடுகிறது. அவர்களுக்கு நெருப்பைக் காக்கத் தெரியும், உண்டாக்கத் தெரியாது. மூன்று பேர் நெருப்புத் தேடிப் போகிறார்கள். அரசனும் இல்லை, அடிமைக் கூட்டமும் இல்லை. ஆந்தணி பர்ஜெஸ் அவர்களுக்கு ஒரு மொழி செய்துகொடுத்தார். உடலசைவுகளை டெஸ்மண்ட் மோரிஸ் வகுத்தார். இன்றைய அறிவியலுக்கு அதிலும் பிழைகள் உண்டு. ஆனால் வேறொரு குடியைச் சேர்ந்தவன் கட்டையைச் சுழற்றி நெருப்பு எழுப்புவதை நாயகன் பார்க்கும்போது அவன் முகத்தில் நடப்பதை, பத்துக் கோடி டாலர் செலவில் எம்மெரிக்கால் ஒருமுறைகூட எழுப்ப முடியவில்லை. அன்னோவும் மாமூத் காட்டினார். யானைகளுக்கு மயிர்ப்போர்வை போர்த்தித்தான். சேலத்தில் முப்பது ஆண்டு முன்பே செய்த அதே வேலை.

ஆக, செலவும் தொழில்நுட்பமும் இங்கே முட்டுக்கட்டை அல்ல. கற்றுக்கொள்வதும் கற்றுக்கொடுப்பதும் போர் அளவுக்கு நாடகம் என்று ஏற்க மனமில்லாததுதான் முட்டுக்கட்டை. இந்த மனமின்மை சினிமாக்காரர்களின் தனிச்சொத்தும் அல்ல.

பல்லாவரம் குன்றுச் சரிவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அலெக்சாண்டர் ரீ, வரிசையாகக் கால் வைத்த சுடுமண் ஈமப்பேழைகளைக் கண்டெடுத்தார். கற்கருவிக்காரர்களுக்குப் பல்லாயிரம் ஆண்டு பிந்திய இரும்புக்கால மக்கள் தங்கள் இறந்தவர்களை வைத்தவை. அந்தக் காலத்துக் கல்வட்டங்களும் புதைகுழிகளும் தென்புறநகரில் கிளாம்பாக்கம்வரை சிதறிக்கிடக்கின்றன. 2023 இறுதியில் திறந்த பேருந்து முனையத்தின் பக்கத்திலும் உண்டு. ஜமீன் பல்லாவரத்தில் ஒரு மேடு தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. 2010இல் சட்டம் திருத்தப்பட்டபின் பாதுகாக்கப்பட்ட இடத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டக் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். நெரிசலான புறநகரில் இதன் பொருள் என்னவென்று சொல்லத் தேவையில்லை. வங்கிக் கடன் கிடைக்காது, மாடி எடுக்க முடியாது, மனை விலைபோகாது. ‘பிளான் அப்ரூவல் கிடைக்காத ஏரியா’ என்பதுதான் அந்தத் தெருக்களில் தொன்மைக்குக் கிடைத்த அடையாளம்.

அங்கே குடியிருப்பவர்களின் கோபத்தை நான் அறியாமை என்று தள்ள மாட்டேன். அந்த மேடு அவர்களுக்கு இதுவரை கொடுத்தது தடை ஒன்றுதான். அதற்குள் என்ன இருக்கிறது, ஃபூட் எந்தக் குழியருகே நின்றார், அந்தக் கல்லைப் பிடித்தவன் எப்படிப் பிடித்திருப்பான் என்பதை அங்கேயே காட்டும் ஒரு சிறிய காட்சியறை பல்லாவரத்துக்கு எப்போதோ வந்திருக்க வேண்டும். அத்திரம்பாக்கம் பக்கம் பூண்டியில் 1985 முதல் அப்படி ஒரு அகழ்வைப்பகம் இருக்கிறது. கூட்டமில்லாவிட்டாலும், போகிற பள்ளிக்கூடப் பிள்ளைகள் கைக்கோடரியைக் கண்ணால் பார்க்கிறார்கள். தாம்பரம் மாநகராட்சிக்கு அதைச் செய்யக் கோடிகள் தேவைப்படாது. ஃபூட்டின் கற்கள் எழும்பூரில் தயாராக இருக்கின்றன, பல்லாவரத்திலிருந்து மின்சார ரயிலில் அரைமணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல்.